வரிசை எண் வேறு, ஆள் எண் வேறு

களியக்காவிளைச் சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கே.எல். 19, கே.எல். 20, டி.என். 74, டி.என். 75 என்று எழுதிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். முதலாவது பாறசாலை, இரண்டாவது நெய்யாற்றின்கரை, மூன்றாவது நாகர்கோவில், நான்காவது மார்த்தாண்டம். இந்த முன்னெழுத்துகளை விட்டுவிட்டுக் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்தால், 4521 என்ற ஒரே எண் பல வண்டிகளில் இருக்கும். மோதிவிட்டு ஓடிய வண்டியின் எண் 4521 என்று மட்டும் சொன்னால், போலீஸ்காரர் எந்த வண்டியைத் தேடுவார்?

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் இதே விஷயம் கணிப்பொறித் துறையில் ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது என்பதை நான் பணி ஓய்வுக்குப் பின்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு தவற்றைச் செய்துவிட்டு, அதனால் ஒரு வயதான அம்மாள் துன்பப்பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் சங்கங்களிலும் குடும்பங்களிலும் வேறு யாரும் அந்தத் தவற்றைச் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில், அதாவது பெட்டிகளையும் சரக்கு வேகன்களையும் பரிசோதித்துப் பழுதுபார்க்கும் பிரிவில், என் சர்வீஸ் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்று ஊரில் இருக்கும்போது, நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு உதவி நிதியின் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு நோட்டு, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு நோட்டு என்று இரண்டு இருந்தன. இரண்டிலும் வரிசை எண் 1இல் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கணிப்பொறியில் ஏற்றுவது என் வேலை.

நான் எல்லாப் பெயர்களையும் தட்டச்சு செய்து, அகர வரிசைப்படுத்தி, மேலிருந்து கீழாக 1 முதல் 212 வரை எண் கொடுத்தேன். பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் ஒரு பிரதியைப் பொருளாளர் வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே வங்கிக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டார். மாதந்தோறும் மருத்துவ உதவி யாருக்கு என்பதை நான் எண்களாக எழுதி அனுப்புவேன். அவர் தம் பிரதியைப் பார்த்துப் பணம் போடுவார்.

சில மாதங்கள் கழித்து வள்ளியம்மை என்று ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்தார். அகர வரிசையில் அவர் பெயரைச் செருகி, பட்டியலுக்கு மறுபடி எண் போட்டேன். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓர் எண் தள்ளிப் போனார்கள். அவர்களில் உதவி பெறுபவர் ஒரே ஒருவர்தான். அவரை வேலம்மாள் என்று வைத்துக்கொள்வோம். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. 196ஆக இருந்த வேலம்மாள் என் பட்டியலில் 197 ஆனார். நான் 197 என்று எழுதி அனுப்பினேன். பொருளாளரின் பிரதியில் 197 வேறொருவர். பணம் அவருக்குப் போயிற்று. சங்கத்தார் அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் இப்படியே போனது. கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. போன பணமும் எழுதிய பணமும் ஒன்றாகவே இருந்தன. ஒரு நாள் பாறசாலைச் சந்தையில் வேலம்மாளைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். விசாரித்தபோது, இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதாகச் சொன்னார்.

"நிதியில காசு தீந்து போச்சாக்கும்னு நெனச்சேன் தம்பி. சும்மா கேட்டு ஒங்கள சங்கடப்படுத்த வேண்டாம்னு இருந்திட்டேன்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மகள் சொன்ன பாடம்

என் மகள் திருவனந்தபுரத்தில் கணிப்பொறித் துறையில் வேலை செய்கிறாள். பல அலுவலகங்களின், பல கிளைகளின் தகவல்களைத் திரட்டி, சீர்படுத்தி, ஒரே இடத்தில் சேர்ப்பது அவள் வேலை. இதைத் தகவல் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில் கணிப்பொறி தானாகவே இந்த வேலையைச் செய்யும். அதற்கு ‘ஜாப்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். பட்டியலைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஆளுக்கு நம்பர் போடல. வரிசையில அவங்க நிக்கிற இடத்துக்கு நம்பர் போட்டிருக்கீங்க" என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் நான் ஐந்தாவது ஆள் என்றால், அந்த ஐந்து என்னுடையது அல்ல. எனக்கு முன்னால் ஒருவர் நுழைந்தால் நான் ஆறாவது ஆள். வரிசை எண் என்பது அவ்வளவுதான். ஓர் ஆளை அடையாளம் காட்டும் எண்ணோ, அவர் எங்கே நின்றாலும் மாறக் கூடாது. இந்த இரண்டையும் நான் ஒன்றாக்கிவிட்டேன்.

அடையாளத்துக்கென்றே புதிதாக உண்டாக்கிக் கொடுக்கும் எண்ணை அவர்கள் ‘சரோகேட் கீ’ என்கிறார்கள். சரோகேட் என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். ஆகவே நாம் இதைப் பதிலி எண் என்று சொல்லலாம். அந்த எண்ணுக்குள் ஊர், பெயர், பிறந்த தேதி எதுவும் இருக்காது. இன்னாரைக் குறிக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. பொருள் இல்லாததால்தான் அது மாற வேண்டிய தேவையும் இல்லை.

பெயரையே வைத்துக்கொண்டால் என்ன?

"பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும்போது தனி எண் எதற்கு?" என்று கேட்டேன். எல்லைப்புற மக்களுக்கு இதற்கான பதிலை விளக்க வேண்டியதே இல்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு அந்தப் பக்கமும் தம்பி வீடு இந்தப் பக்கமுமாக அமைந்த குடும்பங்கள் எத்தனை! ஒருவர் களியக்காவிளைப் பக்கம் பள்ளியில் படித்திருப்பார். அங்கே தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். அவர் பாறசாலையில் குடியேறி ரேஷன் கார்டு வாங்கினால் அந்த எழுத்து பின்னால் போய்விடும். சிலருக்கு வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். முருகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பக்கம் ‘ஜி’ போடுவார்கள். இந்தப் பக்கம் ‘கே’ போடுபவர்கள் உண்டு. மனிதருக்கு இவை ஒரே பெயர். கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஆகவே ஆட்களும் வெவ்வேறு. மறுபுறம், ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் இருந்தால், கணிப்பொறி அவர்களை ஒருவராக்கிவிடும். முதல் பிழையால் ஒருவர் உதவியை இருமுறை பெறலாம். இரண்டாவது பிழையால் ஒருவருக்கு உதவி இல்லாமலே போகலாம்.

தொலைபேசி எண் மாறும். வீட்டு முகவரி மாறும். வண்டி எண் கூட மாறும். வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்போதும் மாறாமல் இருப்பது சேசிஸ் எண்தான்.

ரயில்வேயில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ட்ரிவேண்ட்ரம் என்பது 1991இல் திருவனந்தபுரம் ஆயிற்று. ஆனால் சென்ட்ரல் நிலையத்தின் குறி இன்றும் டி.வி.சி.தான். மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. 2019இல் சென்ட்ரல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. அதன் குறி இன்றும் எம்.ஏ.எஸ்.தான். பெயர்ப் பலகையை மாற்றினார்கள், குறியைத் தொடவில்லை. ஆகவே பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன. பெயர் மாறும்போது குறியையும் சேர்த்து மாற்றினால், பழைய குறிக்கும் புதிய குறிக்கும் இணைப்புக் கொடுக்கும் வேலை எல்லாப் புத்தகங்களிலும் வந்து சேரும். 2024இல் கொச்சுவேளி நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆனபோது அதன் குறியும் மாறியது நினைவிருக்கலாம்.

எண்ணை யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

இனி எண் உண்டாக்கும் முறைக்கு வருவோம். "அடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்றுதான் நானும் நினைத்தேன். அதில் நாலைந்து பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் பார்த்து, அதோடு ஒன்று கூட்டிக் கொடுப்பது. இது சிறிய வேலைக்குச் சரி. ஆனால் கடைசியாக 212ஆம் எண் பெற்றவர் காலமாகி, அவர் பெயரை நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெரிய எண் 211. அடுத்து வருபவருக்கு 212 போய்விடும். இறந்தவரின் பழைய கணக்கெல்லாம் புதியவர் தலையில் ஏறும். ஆகவே கடைசியாகக் கொடுத்த எண்ணைத் தனியாக ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயரையும் முழுவதும் அழிக்காமல் ‘இல்லை’ என்று குறித்து வைப்பது நல்லது.

அட்டை டிக்கெட் காலத்தில் இதைத்தான் செய்தார்கள். 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி கண்டுபிடித்த அட்டை டிக்கெட்டில் தொடர் எண் அச்சிட்டிருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் வேலையை முடிக்கும்போது, கட்டில் எந்த எண் வரை விற்றது என்று புத்தகத்தில் எழுதுவார். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்குவார். கணிப்பொறி ஜாபும் முடியும்போது கடைசி எண்ணை எழுதி வைத்து, மறுநாள் அதைப் படித்துத் தொடங்குகிறது.

இரண்டாவது பள்ளம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எண் கொடுப்பது. பாறசாலையில் ஒருவர், நெய்யாற்றின்கரையில் ஒருவர், இருவரும் ஒரே நொடியில் பட்டியலைப் பார்த்தால் இருவருக்கும் கடைசி எண் 212 என்றே தெரியும். இருவரும் 213 கொடுப்பார்கள். இலட்சக்கணக்கான பெயர்களைச் சேர்க்கும்போது கணிப்பொறி வேலையைப் பல பங்காகப் பிரித்து ஒரே சமயத்தில் நடத்துவதால் இது அடிக்கடி வரும் ஆபத்து. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, எண் கொடுப்பவர் ஒரே ஒருவராக இருப்பது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் போல, யார் கேட்டாலும் அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை உடனே மறந்துவிடாமல் குறித்துக்கொள்ளும். தகவல் தளங்களில் ‘சீக்வென்ஸ்’ என்ற வசதி இதைச் செய்கிறது. இதில் குழப்பம் இல்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லோரும் அதன் வாசலில் போய் நிற்க வேண்டும்.

இரண்டு, டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது போல எண்களைக் கட்டாகக் கொடுப்பது. 1001 முதல் 2000 வரை பாறசாலைக்கு, 2001 முதல் 3000 வரை நெய்யாற்றின்கரைக்கு. கட்டுத் தீர்ந்தால் அடுத்த கட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று, தாண்டித் தாண்டிக் கொடுப்பது. மூன்று பங்குகள் என்றால் முதல் பங்குக்கு 1, 4, 7. இரண்டாவதற்கு 2, 5, 8. மூன்றாவதற்கு 3, 6, 9. ஒருவரை ஒருவர் கேட்காமலே எண் கொடுக்கலாம், மோதல் வராது. நாளை நான்காவது பங்கு சேர்ந்தால் மட்டும், இதுவரை கொடுத்த மிகப் பெரிய எண்ணுக்கு மேலே போய்ப் புதிய கணக்கில் தொடங்க வேண்டும்.

இந்த முறைகளில் நடுவே சில எண்கள் விடுபடும். எனக்கு அது உறுத்தியது. டிக்கெட்டில் ஓர் எண் காணவில்லை என்றால் அதற்கான பணம் எங்கே என்று கேட்பார்களே! "டிக்கெட் நம்பருக்குப் பின்னாடி காசு இருக்கு அப்பா. இந்த நம்பருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. விட்டுப் போனா விட்டுப் போகட்டும், ரெண்டு பேருக்குப் போகாம இருந்தா போதும்" என்றாள் மகள். விடுபட்டதை நிரப்ப நினைப்பதுதான் ஆபத்து.

மூன்றாவது பள்ளம் எல்லாவற்றிலும் பெரியது. எண் கொடுப்பதற்கு முன், இவருக்கு ஏற்கெனவே எண் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போய் ஜாப் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள். பார்க்காமல் கொடுத்தால், ஏற்கெனவே எண் பெற்றவர்களுக்கு இரண்டாவது எண்ணும் போய்விடும். இதற்காக ஓர் இணைப்புப் பதிவேடு வைக்கிறார்கள். எந்த நோட்டு, அதில் பழைய எண் என்ன, புதிய எண் என்ன என்று மூன்றே பத்திகள். பதிவேட்டில் இருந்தால் பழைய பதிலி எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மட்டுமே புதிய எண்.

நான்காவது, இலக்கம் போதுமா என்று முதலிலேயே யோசிப்பது. நம் ரயில் வண்டிகளுக்கு நான்கு இலக்க எண் போதாமல் 2010 டிசம்பர் 20 முதல் ஐந்து இலக்கமாக்கினார்கள். அதற்காகக் கால அட்டவணை முதல் கணிப்பொறி நிரல் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

நாட்டளவில் நடந்தது

இது சிறு சங்கத்தின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மார்ச்சில் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு விளக்கம் வெளியிட்டது. வெவ்வேறு மாநிலங்களில் இருக்கும் சில வாக்காளர்களின் அடையாள அட்டையில் ஒரே எண் இருப்பது தெரியவந்திருந்தது. எல்லா மாநிலப் பட்டியல்களும் ஒரே கணிப்பொறித் தளத்துக்கு வருமுன், அந்தந்த மாநிலத்தில் தனித்தனியாக, கைமுறையாக எண் கொடுத்துவந்தபோது, இரண்டு மாநிலங்கள் ஒரே எழுத்து-எண் தொடரைப் பயன்படுத்திவிட்டதே காரணம் என்று ஆணையம் சொன்னது. எண் ஒன்றாக இருப்பதாலேயே அவர்கள் போலி வாக்காளர்கள் ஆகிவிட மாட்டார்கள், தொகுதியும் வாக்குச் சாவடியும் வேறு என்றும் விளக்கி, ஒவ்வொருவருக்கும் தனி எண் கிடைக்கச் செய்வதாக அறிவித்தது.

எங்கள் இரண்டு நோட்டுக் கதைதான் இது! தனித்தனியாக இருக்கும்வரை இரண்டு நோட்டுகளும் சரியே. சேர்க்கும் நாளில்தான் மோதல் வெளியே தெரிகிறது. பழைய சரக்கு வேகன்களில் எண்ணோடு, சொந்தமான ரயில்வேயின் எழுத்தையும் சேர்த்தே எழுதிவந்ததன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. பின்னர் வந்த 11 இலக்க வேகன் எண்ணில் வகை, சொந்தமான ரயில்வே, தயாரித்த ஆண்டு, தனி எண் எல்லாம் அடங்கும். கடைசி இலக்கம், எழுதும்போது நேரும் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக உள்ளது.

ஆதார் எண் இதற்கு மறுகோடி. 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒருவருக்குக் கொடுத்த எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. அந்த எண் குறிப்பின்றி எடுக்கப்பட்டதாக, அவருடைய விவரங்களோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிலி எண்ணின் இலக்கணத்தைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் ஆதார் எண் 1, 2, 3 என்று தொடர்ந்து வருவதில்லை. தொடர்ந்து வந்தால் என் எண்ணிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை யாரும் ஊகித்துவிடலாம். வெளியே பலர் கையில் புழங்கும் எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். பதிவேட்டுக்குள்ளேயே இருக்கும் எண்ணுக்குத் தொடர்வரிசை போதும்.

நாங்கள் செய்த திருத்தம்

மகள் துணையோடு இரண்டு நோட்டுகளையும் மறுபடி முதலிலிருந்து சேர்த்தோம். பழைய எண்களை அழிக்கவில்லை. ‘பா 47’, ‘நெ 47’ என்று நோட்டின் எழுத்தோடு எழுதிக்கொண்டோம். புதிய எண் 1001இல் தொடங்கியது. பெயர் ஒன்றுபோல் இருந்த இடங்களில் கணிப்பொறியை முடிவுசெய்ய விடாமல், நேரில் போய்க் கேட்டோம். ஒன்பது பேர் இரண்டு நோட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பழைய எண், ஒரே புதிய எண். ஒரே பெயரில் இருந்த இருவர் உண்மையிலேயே இருவர் என்பதும் தெரிந்தது. உதவி யாருக்கு என்று எழுதும்போது இப்போது எண்ணோடு பெயரையும் எழுதுகிறேன். இரண்டும் பொருந்தினால்தான் பொருளாளர் பணம் போடுவார்.

பட்டியலை வேண்டியபடி அகர வரிசையிலோ ஊர் வரிசையிலோ அடுக்கலாம். எண் ஆளோடு போகிறது.

அன்பர்களே, நம் சங்கங்கள் பலவற்றில் இப்போது பழைய நோட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றிவருகிறார்கள். கிளைகளின் பட்டியலைத் தலைமைச் சங்கத்தோடு சேர்க்கிறார்கள். ஏற்றுபவர்களிடம் நான்கு விஷயங்களைச் சொல்லி வையுங்கள்: ஒருவருக்கு ஒருமுறை எண் கொடுத்தால் அதை மாற்ற வேண்டாம், போனவரின் எண்ணை வந்தவருக்குக் கொடுக்க வேண்டாம், பழைய எண்ணை எறிந்துவிட வேண்டாம், வசதிக்காக ஆதார் எண்ணையே உறுப்பினர் எண்ணாக வைக்கவும் வேண்டாம். குடும்பத்தில் உள்ளவர்களும் மாநிலம் விட்டு மாநிலம் வரும்போது பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பெயரின் எழுத்து மாறியிருந்தாலும் நீங்கள் நீங்களே என்று காட்ட அந்தத் தாள் உதவும்.

வேலம்மாளுக்கு மூன்று மாதப் பணத்தையும் என் கையிலிருந்து கொடுத்தேன். தவறாகப் பணம் பெற்றவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. புதிய எண்ணைத் தாளில் எழுதி வேலம்மாளிடம் கொடுத்து, "அம்மா, பணம் வரல்லேன்னா இந்த நம்பரச் சொல்லிக் கேளுங்க. கேக்கிறதுக்குச் சங்கடப்படாதீங்க" என்றேன்.

தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய எண் 1126. அது இனி வேறு யாருக்கும் போகாது.